கையெழுத்து என்னுடையதுதான்

பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தைத் தாண்டி, கை கழுவும் தொட்டியையும் தாண்டிப் போனால், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை வரும். இருபத்தொரு வருஷமாக அவள் உட்கார்ந்து வேலை பார்த்தது அந்த அறையில்தான். டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுப்பது, மெழுகில் ஈறு பிடிப்பது, பல்லை ஒவ்வொன்றாக நட்டு வரிசை பார்ப்பது, கடைசியில் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் கிளினிக்கில் வந்துபோகிறவர்கள் எல்லாருக்கும் அவள் பல்லம்மாதான். அவளும் அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

பல்லம்மாவின் கண்ணுக்கு ஒரு பேர் உண்டு. மயிரிழை விரிசல் விட்ட பல்செட்டை வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தால் போதும், எங்கே உடையும் என்று சொல்லிவிடுவாள். அதனால்தான் அன்றைக்கு மதியம், வேலை ஓய்ந்த நேரத்தில் கார்டு கணக்கைப் போனில் திறந்து, டாக்டருக்காகத் தன் கார்டில் வாங்கின, பல்செட்டுக்கு ஈறு செய்கிற பொடிக்கான தொகையைத் தேடிக்கொண்டிருந்தபோது, நடுவில் கிடந்த ஒரு வரி அவள் கண்ணில் பட்டது.

கே.டி.எம்.என். வெல்ஃப். ட்ரஸ்ட்.

அப்படி ஒரு கடையில் அவள் எதுவும் வாங்கியதாக ஞாபகம் இல்லை. முந்தின மாதத்தைத் திறந்தாள். அங்கேயும் அதே பேர், அதே தேதி, அதே தொகை. அதற்கு முந்தின மாதத்திலும் அப்படியே. பெரிய தொகை இல்லை. குடும்பத்தோடு ஒரு வேளை வெளியில் சாப்பிட்டால் ஆகிற அளவுதான். ஆனால் யாரோ தன் பைக்குள் மாதம் தவறாமல் கை விட்டுப் போகிறான் என்று நினைத்ததும் அவளுக்குச் சுரீரென்றது. அந்த இடத்திலேயே பேங்குக்குப் போன் போட்டாள்.

போனை எடுத்த பெண் பொறுமைசாலி. "மேடம், இது ஏதோ அறக்கட்டளை மாதிரி தெரியுது. இந்த மாதிரி இடத்துல எல்லாம் வெளியில ஒரு பேர் வச்சிருப்பாங்க, கணக்குல வேற பேர் வரும். நீங்களோ வீட்ல யாராவதோ எங்கயாவது நன்கொடை ஃபாரம் எழுதிக் கொடுத்தீங்களா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"நான் எழுதவே இல்லம்மா."

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றீங்களா? இல்ல அவங்க நம்பர் இருக்கு, முதல்ல அவங்களையே கேட்டுப் பார்க்கலாம்."

"எதுக்கு? கார்டு என் கையிலதான் இருக்கு. நான் யாருக்கும் குடுக்கல. எழுதினா எனக்குத் தெரியாதா?"

"அப்போ உங்க அனுமதி இல்லாம எடுத்திருக்காங்கன்னு பதிவு பண்ணிடட்டுமா? உறுதியாச் சொல்றீங்களா?"

"நூத்துக்கு நூறு உறுதி," என்றாள் பல்லம்மா.

அந்த நிமிஷத்தில் அவள் பொய் சொல்லவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தப் பேர் அவளுக்கு உண்மையாகவே எதையும் ஞாபகப்படுத்தவில்லை.

ஒரு வாரத்துக்குள் மூன்று மாதத் தொகையும் கணக்கில் திரும்பி வந்தது, புதுக் கார்டும் வந்தது. அவள் புருஷன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன்; வாய் கொஞ்சம் நீளம். டிரைவர்கள் டீ குடிக்கிற இடத்தில் இதையே பெரிய கதையாகச் சொல்லிவிட்டு வந்தான். "எம் பொண்டாட்டி கண்ணை ஏமாத்த முடியுமா? பேங்கே கண்டுபிடிக்காததை இவ உக்காந்த இடத்துல கண்டுபிடிச்சுட்டா!" பல்லம்மா சிரித்துக்கொண்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து பேங்கிலிருந்து ஒரு உறை வந்தது. அவளுக்கு வரும் கடிதமெல்லாம் கிளினிக் முகவரிக்குத்தான் வரும். பல்லுக்கு நிறம் பார்க்கும் அட்டையைத் தள்ளி வைத்துவிட்டுப் பிரித்தாள். "எதிர்த்தரப்பினர் இணைப்பிலுள்ள படிவத்தை ஆதாரமாக அனுப்பியுள்ளனர். இதிலுள்ள கையெழுத்து தங்களுடையதா என்பதை உறுதி செய்யவும்" என்று ஒரு கடிதம். அதன் பின்னால் படிவத்தின் நகல்.

மேலே பெரிய எழுத்தில் "உடனிருப்போம்" என்று போட்டிருந்தது. கே.டி.எம்.என். என்பது அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில். வெளியூரிலிருந்து நோயாளிக்குத் துணையாக வருகிறவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கிற திட்டம். கார்டு எண் வேறு யாரோ குண்டுகுண்டாக எழுதியது. கையெழுத்து அவளுடையது. அதற்கு மேலே, "யாருடைய நலனுக்காக?" என்ற கட்டத்தில், அவளுடைய கோணல் எழுத்தில் இரண்டு வரி:

"மூணாவது மாடியில் இருக்கும் என் அக்காவுக்காக. போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை."

பல்லம்மா கைக்குக் கிடைத்த ஒரு பிளாஸ்டர் அச்சைத் தூக்கி அந்தக் காகிதத்தின் மேல் வைத்தாள், யாரோ எட்டிப் பார்த்துவிடுவார்கள் என்பது போல. அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

மறந்தது எப்படி என்றால், மறக்க வேண்டும் என்று அவள் பாடுபட்டிருந்தாள்.

அவளுக்குக் கூடப்பிறந்தவள் ஒரே ஒரு அக்கா. ஆறு வயது மூத்தவள். இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி மகனோடு இருந்தாள். கீழ்வரிசையில் இடதுபக்கம் நாலு பல் போனபோது அக்காவுக்குப் பல்செட் செய்து கொடுத்தது பல்லம்மாதான். போன வருஷம் அக்கா வந்து, "சின்னி, இது ஒரு இடத்துல உரசுதுடி, புண்ணாயிருக்கு" என்றாள். பல்லம்மா செட்டை வாங்கி அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து அக்கா மறுபடி வந்தாள். மறுபடி தேய்த்தாள். மூன்றாவது தடவை அக்கா வாயைத் திறந்து காட்டியபோது புண் ஓரம் தடித்து வெள்ளையாக இருந்தது. பல்லம்மா அதைப் பார்த்தாள். பக்கத்து அறையில் டாக்டர் சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் எழுந்து வந்திருப்பார். "நீ ராத்திரி கழட்டி வைக்கிறதில்ல, அதான். கழட்டி வை, சரியாயிடும்" என்று சொல்லி, இன்னொரு தடவை தேய்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள். செட்டில் குறை என்று டாக்டர் சொல்லிவிடுவாரோ என்று ஓரமாக ஒரு எண்ணம் ஓடியது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை; தனக்குள்கூட முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை.

அப்படியே மூன்று மாதம் போனது. பிறகு அக்காவின் மகன்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். புற்று. தாடை எலும்பில் ஒரு பகுதியையே எடுக்க வேண்டியதாயிற்று.

அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தது பன்னிரண்டு நாள். பல்லம்மாவுக்குச் சளி, கிளினிக்கில் ஆள் இல்லை, புண் ஆறுகிற நேரத்தில் தொற்று வந்துவிடும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. ஒன்பதாவது நாள் புருஷன் சத்தம் போட்டதும் கிளம்பினாள். லிஃப்ட் வரைக்கும் போனாள். அதன் கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. தாடை எடுத்த முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்ட எத்தனையோ பேருக்கு அச்செடுத்திருக்கிறாள். அவள் ஏறவில்லை.

வாசல் கூடத்தில் ஒரு மேஜை போட்டு, பின்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும், முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். இவள் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பல்லம்மாதான் நெடுநேரம் அழுதுவிட்டு, மேஜையில் இருந்த படிவத்தைத் தானாகவே இழுத்து, "நான் எழுதறேன்" என்றாள். ஏதாவது ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போனால் நெஞ்சின் கனம் குறையும் என்று தோன்றியது. கார்டை நீட்டினாள். அந்த அம்மா எண்ணைக் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டாள். அதோடு பல்லம்மா எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அக்கா நல்லாத் தூங்கிட்டிருந்துச்சு. எழுப்ப மனசு வரல, பார்த்துட்டு வந்துட்டேன்," என்று புருஷனிடம் சொன்னாள். அக்காவின் மகனிடமும் போனில் அதையே சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னதில் அவளுக்கே அந்தக் காட்சி மனதில் பதிந்துவிட்டது: வெள்ளைப் போர்வை, அக்காவின் மூடின கண், தான் கட்டில் ஓரத்தில் நின்றது. மேஜையும் தண்ணீர் பாட்டிலும் படிவமும் அந்தக் காட்சிக்கு இடைஞ்சலாக இருந்தன. அதனால் அவை போய்விட்டன.

இப்போது எல்லாம் ஒரு உறைக்குள் திரும்பி வந்து நின்றன.

'ஆமாம், என்னுடையதுதான்' என்று பேங்குக்கு ஒரு வரி எழுதினால் முடிந்தது. பல்லம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் புருஷன் என்னவென்று கேட்பான். படிவத்தைக் காட்டு என்பான். நாளைக்கு எழுதலாம் என்று உறையை மெழுகு வைக்கிற இழுப்பறையில் போட்டாள்.

மறுநாள் அவள் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது.

"வணக்கம்மா. உடனிருப்போம் அலுவலகத்துல இருந்து மேனேஜர் பேசறேன். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு முதல்ல மன்னிப்புக் கேட்டுக்கறோம்."

அவள் கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தாள்.

"அந்தப் படிவத்தை வாங்கினது எங்ககிட்ட ஆறு வருஷமா வேலை பார்க்கிற ஒரு அம்மா. அவங்களை வேலையில இருந்து நிறுத்தி வச்சிருக்கோம். அவங்க எழுதி வாங்கின எல்லாப் படிவத்தையும் ஒவ்வொண்ணா சரிபார்க்கிறோம். போலீஸ்ல புகார் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான் கூப்பிட்டேன். அந்தக் கையெழுத்து உங்களோடது இல்லதானே?"

பக்கத்து அறையில் டாக்டர் யாருக்கோ வாய் கொப்பளிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"என்னோடது இல்ல," என்றாள் பல்லம்மா.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. மறந்துபோய்ச் சொன்னது வேறு, தெரிந்து சொன்னது வேறு. "சரிம்மா, நன்றி" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாலு நாளுக்குள் ஒரு பல்செட்டில் முன்பல் இரண்டை இடம் மாற்றி நட்டுவிட்டாள். இருபத்தொரு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. பஸ்ஸில் முழங்காலில் பட்டை கட்டின யார் ஏறினாலும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல அக்காவைப் பார்க்கப் போனாள். அக்கா கஞ்சியை உறிஞ்சுகுழலில் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்திருந்தாள். அவளிடம் அக்கா, சொற்கள் ஒரு பக்கமாக ஒழுகும் அந்தப் புதுப்பேச்சில், "இவ வேலைக்கு நடுவுல ஆஸ்பத்திரிக்கும் ஓடி வந்தா. நான்தான் தூங்கித் தொலைச்சுட்டேன்" என்றாள். பல்லம்மா டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அவள் அறைக்கு நேராக வந்து, வாயிலிருந்து செட்டைக் கழற்றி நீட்டினார். "பல்லம்மா, இந்த இடத்துல உரசுது. டாக்டர்கிட்ட போனா வரிசைல உக்காரணும். நீயே கொஞ்சம் தேய்ச்சுக் குடுத்துடேன்."

அவள் அதைக் கையில் வாங்கினாள். தேய்க்கிற இயந்திரத்தின் விசையைப் போட்டாள். அது சுற்ற ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு விசையை அணைத்தாள்.

"புண்ணு எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு பத்து நாள் இருக்கும்."

"டாக்டர்கிட்ட காட்டுங்க."

"அட, சின்ன விஷயம்..."

"காட்டுங்கன்னு சொல்றேன்ல!" அவள் கத்திய கத்தலில் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். தபால்காரர் மிரண்டுபோய் டாக்டர் அறைக்குப் போனார். டாக்டர் பார்த்தார், வெறும் உரசல்தான், ஒரு வாரத்தில் ஆறிவிடும், ஆறாவிட்டால் மறுபடி வாருங்கள் என்றார். அவ்வளவுதான் விஷயம். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தை நினைத்துத்தான் பல்லம்மாவுக்கு மேஜையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, இழுப்பறையிலிருந்து உறையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

உடனிருப்போம் அலுவலகம் ஒரு பேப்பர்கடைக்கு மேலே இருந்தது. குறுகலான படி. மேனேஜர் முன்தலை வழுக்கை விழுந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். அவள் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றே விட்டார். "நீங்க எதுக்கும்மா வந்தீங்க, நாங்களே..."

"கையெழுத்து என்னோடதுதான் சார்," என்றாள் பல்லம்மா. உட்காரக்கூட இல்லை. "அந்த அம்மா ஒண்ணும் பண்ணல. நானேதான் கேட்டு வாங்கி எழுதினேன். பேங்குல சொன்னப்போ ஞாபகம் இல்ல. ஆனா நீங்க போன் பண்ணப்போ ஞாபகம் இருந்துது. இருந்தும் இல்லன்னு சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். "ஏம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"படிவத்துல எழுதியிருக்கேனே சார். அது வெளிய தெரிஞ்சுடும்னு."

அவர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "இதையெல்லாம் எழுதிக் குடுத்துடுங்க. நான் இப்பவே அவங்களை வரச் சொல்றேன். நீங்க போகணும்னா போகலாம்."

"இல்ல சார். இருக்கேன்."

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி ஏறுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா உள்ளே வந்து, இவளைப் பார்த்து, கதவருகிலேயே நின்றுவிட்டாள். மேனேஜர் விஷயத்தைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னிக்கே சொன்னேனே சார்," என்றாள் கடைசியில், அவரைப் பார்த்தே. "தண்ணி குடுத்தேன், குடிச்சாங்க, ஒரு மணி நேரம் அழுதாங்கன்னு. ஆதாரம் என்னன்னு கேட்டீங்க. தண்ணி குடுத்ததுக்கு என்ன சார் ஆதாரம் வச்சுக்க முடியும்?"

மேனேஜர் எழுந்து ஒரு நாற்காலியை அந்த அம்மா பக்கம் நகர்த்தினார்.

பல்லம்மா எழுந்து கைகூப்பினாள். "மன்னிச்சிடுங்கம்மா. நான் பண்ணினது பெரிய தப்பு. இத்தனை நாள் சம்பளம் போயிருக்கும், அதை நான்..."

"சம்பளத்தை இவங்க குடுப்பாங்க. அது இவங்க கடன்." அந்த அம்மா இப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "மன்னிக்கறதெல்லாம் இருக்கட்டும். போன வாரம் என் பையன் என்னைக் கேட்டான். 'அம்மா, நெஜமா நீ போடலையே?'ன்னு. ரெண்டு தடவை கேட்டான். அவன் அப்பாவை அந்த ஆஸ்பத்திரியில நான் எட்டு மாசம் பார்த்துக்கிட்டேன், அதுக்கப்புறம்தான் இந்த வேலைக்கே வந்தேன். அவன் கேட்டுட்டான். நீங்க அவன்கிட்ட பேசுங்க."

"பேசறேன். எப்போ?"

"இப்போ."

அவளே எண்ணைப் போட்டு, ஒலியைக் கூட்டி, போனை நீட்டினாள். "சொல்லும்மா, வேலையா இருக்கேன்" என்று ஒரு ஆண் குரல். பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம்.

"தம்பி, நான் உங்கம்மா இல்ல," என்றாள் பல்லம்மா. "என் பேர்ல உங்கம்மா கள்ளக் கையெழுத்துப் போட்டதாச் சொன்னாங்கல்ல, அது நான்தான். அது என் கையெழுத்துதான் தம்பி. உங்கம்மா போடல. நான்தான் பொய் சொன்னேன். எனக்குத் தெரிஞ்சே சொன்னேன்."

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றான். அந்த அம்மா போனை வாங்கி, ஒலியைக் குறைத்து, காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அங்கிருந்து, "சரிப்பா... சரி விடு... அழாதே" என்று மட்டும் கேட்டது.

திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பி நின்ற பல்லம்மாவிடம், பெரிய கனிவு எதுவும் இல்லாத குரலில் கேட்டாள்: "அக்கா எப்படி இருக்காங்க?"

"வீட்டுக்கு வந்துட்டாங்க."

"அன்னிக்கு நீங்க போனப்புறம் மேல போய்ப் பார்க்கலாமான்னு யோசிச்சேன். பேர் தெரியல." அவ்வளவுதான் சொன்னாள்.

பல்லம்மா அங்கிருந்தே பேங்குக்குப் போன் செய்தாள். முன்பு பேசிய பெண் இல்லை, வேறு யாரோ ஒருவன். புகாரைத் திரும்பப் பெற எழுத்தில் அனுப்ப வேண்டும், வந்த தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றான். "சரி, எடுத்துக்கோங்க" என்றாள்.

புருஷனிடம் சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னாள். பஸ்ஸைக் கழுவி நிறுத்திவிட்டு வந்திருந்தான், பேண்ட் நனைந்திருந்தது. படிவத்தை இரண்டு தடவை படித்தான். மடித்து அவள் கையிலேயே கொடுத்தான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றான். அது எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியா, புண்ணா, போனில் சொன்ன பொய்யா என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

அக்காவிடம் சொல்வதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை வரை ஆயிற்று. மகன் வெளியே போகும் வரை காத்திருந்தாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பல்லம்மா எதிரில் தரையில் உட்கார்ந்து, தான் லிஃப்ட் வாசலோடு திரும்பிவிட்டதைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மூன்றாவது தடவை பார்த்தபோது புண்ணின் ஓரம் தடித்திருந்ததைத் தான் கவனித்ததையும், டாக்டர் பக்கத்து அறையில் சும்மா இருந்ததையும், செட்டில் குறை என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்ததையும் சொன்னாள். சொல்லிவிட்டு அக்காவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் கை ஒரு தலையணை உறையின் மேல் நின்றது.

"அந்த நர்ஸ் பொண்ணைத் திட்டினேனே," என்றாள் அக்கா.

"எந்த நர்ஸ்?"

"நீ வந்துட்டுப் போனதா பையன் சொன்னான். எந்தங்கச்சி வந்திருக்கா, ஏன்டி என்னை எழுப்பலன்னு அந்தப் பொண்ணைக் கேட்டேன். வாயில தையல், பேச்சு வரல. பலகையில எழுதி எழுதித் திட்டினேன். யாருமே வரலம்மான்னு அது சொல்லுச்சு. பொய் சொல்றியான்னு எழுதினேன். அது அழுதுட்டே போச்சு."

பல்லம்மாவுக்கு இது தெரியாது. தன் ஒரு பொய் இன்னும் எங்கெங்கே போய் யார் யாரைச் சுட்டதோ என்று நினைத்தாள். "அக்கா..." என்றாள்.

"இன்னிக்கு நீ கிளம்பு சின்னி," என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

மூன்று வாரம் அக்கா போனை எடுக்கவில்லை. பல்லம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி, தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். கிளினிக்கில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து நோயாளியின் வாயைத் தான் பார்க்காமல் யார் செட்டும் அந்த அறைக்குள் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார். அது அவள் கேட்டு வாங்கிக்கொண்ட உத்தரவு. உடனிருப்போம் படிவத்தைப் புதிதாக நிரப்பிக் கொடுத்தாள். அந்த அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வாசலில் மறுபடி உட்கார மனம் இல்லை என்று வேறு இடத்துக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டதாக மேனேஜர் சொன்னார்.

நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை அக்காவே கூப்பிட்டாள்.

"நாளைக்கு எனக்கு செக்கப். பையனுக்கு லீவு இல்ல. ஒன்பது மணிக்கு வந்துடு."

பல்லம்மா எட்டரைக்கே போய் நின்றாள். இருவரும் பஸ்ஸில் போனார்கள். மூன்றாவது மாடியில் அக்கா முதலில் நர்ஸுகள் மேஜைக்குப் போனாள். அந்தப் பெண் இருந்தாள். அவளுக்கு அக்காவை ஞாபகம் இருந்தது, உடனே முகம் சுருங்கியது. "அன்னிக்கு நீ சொன்னதுதான் நெஜம்மா. யாரும் வரல," என்றாள் அக்கா. பல்லம்மா பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா" என்று சொல்லி, எழுத வேண்டியதை எழுதப் போய்விட்டாள்.

உள்ளே ஆஸ்பத்திரி டாக்டர் அக்காவின் வாய்க்குள் விளக்கை அடித்துப் பார்த்தார். பல்லம்மாவும் பார்த்தாள். பல் நடுகிற கண்ணால் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. நன்றாக ஆறியிருக்கிறது என்றார் டாக்டர்.

"டாக்டர், அந்தப் புண்ணை முதல்ல பார்த்தது நான்தான்," என்றாள் பல்லம்மா. "பல்செட் செய்யறவ நான். உரசல்னு சொல்லித் தேய்ச்சுக் குடுத்தேன். மூணு மாசம். அப்பவே அனுப்பியிருந்தா?"

அவர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். அக்காவைப் பார்த்தார். அக்கா, சொல்லுங்கள் என்பது போலக் கையைக் காட்டினாள்.

"சின்னதா இருந்திருக்கும். எலும்பு வரைக்கும் போயிருக்குமா போயிருக்காதான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. போகாம இருந்திருக்கலாம்."

ஆறுதலுக்காக அவர் எதையும் சேர்க்கவில்லை. பல்லம்மா தலையாட்டினாள். இத்தனை நாள் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை வேறொருவர் வாயால் கேட்டாகிவிட்டது. கனம் குறையவில்லை.

அக்கா நாற்காலியிலிருந்து இறங்க ஒரு கையை நீட்டினாள். பல்லம்மா பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுட்டியா?" என்றாள் அக்கா, முந்தானையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே. "இனிமே இதையே கேட்டுக்கிட்டு இருக்காதே, எனக்குக் கேக்கத் தெம்பு இல்ல. போ, மருந்துச் சீட்டை வாங்கிக்கோ."

கீழே மருந்து வாங்கும் வரிசை நீளமாக இருந்தது. அக்காவை மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்துவிட்டு, பல்லம்மா போய்க் கடைசி ஆளாக நின்றாள்.